ஓரகத்தியின் தட்டு

வெந்த மரச்சீனியை, அந்த மரவள்ளிக் கிழங்கை, அவள் பிசைவதில்லை. விரல் நுனியால் தொடுவாள், அது தானாகப் பிளந்து கொள்ளும். பிளந்த வாயில் மீன்சாற்றை ஊற்றுவாள். சிவப்பு வெள்ளைக்குள் இறங்கும்வரை காத்திருப்பாள். அந்தக் காத்திருப்புதான் என்னைக் கொல்லும். பசியுள்ளவள் காத்திருக்க மாட்டாள். இது பசி அல்ல, உரிமை. நான் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து முருங்கை இலைத் துவரனை மென்றுகொண்டிருப்பேன். பச்சை, பச்சை, மேலும் பச்சை. ஆட்டுக்குக் கூட இடையில் ஒரு பிண்ணாக்கு கிடைக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில், கேரள எல்லையோரக் குன்னத்துகாலில், ஒரே அடுக்களையில் நாங்கள் இரண்டு கர்ப்பிணிகள். அவள் என் கணவரின் தம்பி மனைவி, எனக்கு ஓரகத்தி. வயதில் என்னைவிட நன்றாக இளையவள். அவள் வயிறு மட்டும் என் வயிற்றுக்குச் சில வாரங்கள் மூத்தது. மாமியார் எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் பரிமாறுவார். கண்ணேறு பிரிந்து போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கண்ணேறு எங்கும் போகவில்லை. அது என் முகத்திலேயே இரண்டு குழிகளில் உட்கார்ந்து அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குச் சர்க்கரை இருந்தது. அவளுக்கு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

அதற்கு முன் எனக்கு ஒரு பிள்ளை வயிற்றிலேயே நின்று போயிருந்தது. மாதம் நிறைந்திருந்தது. நல்ல கொழுத்த பிள்ளை, தொட்டிலில் கிடக்கிற பருவத்துப் பிள்ளைபோல இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். என்னிடம் காட்டவில்லை. கொழுத்த பிள்ளை எதற்குச் சாக வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. கர்த்தருடைய சித்தம் என்று சொல்லி ஜெபித்தார்கள். இரண்டாவது முறை உண்டாகி நெய்யாற்றின்கரைக்குப் போனபோது, ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா அந்தக் கொழுப்பைப் பற்றித்தான் முதலில் கேட்டார். ரத்தம் எடுத்தார்கள். தாயின் ரத்தத்தில் இனிப்பு ஏறினால் அது பிள்ளைக்குள் போய்ப் பிள்ளையை ஊதவைக்கும் என்றார். போன பிள்ளைக்கும் அதுவாக இருந்திருக்கலாம். இந்தப் பிள்ளைக்கும் அது வரலாம்.

"சோறு நல்லா குறைக்கணும், கேட்டோ. பஞ்சாரை வேண்டா, பழம் வேண்டா. மீனும் முட்டையும் பயறும் இலையும் கழிக்கணும்."

கழிக்கணும் என்றால் சாப்பிட வேண்டும். பஞ்சாரை என்றால் சீனி. அதை விடுவது என்னிலிருந்து ஒரு உறுப்பை வெட்டுவது மாதிரி. சிறு வயதிலிருந்தே நான் இனிப்புக்காரி. காப்பியில் சீனி கரைந்த பிறகும் இன்னொரு கரண்டி போடுகிறவள். ஆனால் அன்று மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, வேண்டாம் என்றதற்கெல்லாம் தலையாட்டினேன். பிள்ளை பிழைத்தால் போதும். மண்ணைத் தின்னச் சொன்னாலும் தின்றிருப்பேன்.

மண் தின்னவில்லை, மண்ணுக்குள் இருந்ததைத் தின்றேன். தவறு மாமியாருடையது. ஆனால் அந்த ஊரில் அந்தத் தவறைச் செய்யாத அடுக்களை இருந்திருக்காது.

"சோறு ஆகாதுன்னு சொல்லியாச்சுல்லா. அப்பம் மரச்சீனி தின்னு மக்களே. அது கிழங்காக்கும். அதுல எங்க இருக்கு இனிப்பு?" என்றார் மாமியார்.

"பேருலயே சீனி உண்டே மாமி," என்றாள் ஓரகத்தி, வாய்க்குள் சிரித்துக்கொண்டு.

"நீ சும்மா இரி பிள்ளே. டாக்டரம்மா செல்லாத்தத நீ செல்லாத."

அந்த நாட்களில் நான் காலையில் மரச்சீனி தின்றேன், மத்தியானம் மரச்சீனி தின்றேன், இரவும் மரச்சீனியே. சோற்றின் பக்கம் திரும்பவில்லை. என் கட்டுப்பாட்டை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது மற்ற பெண்களிடம், "நான் சோறு தொட்டே பல நாளாச்சு," என்று சொன்னேன். "சோறு இல்லாம ஒரு பிள்ளையா? பிள்ளை சிலும்பி மெலிஞ்சு போவும்," என்று ஒருத்தி சொன்னாள். "டாக்டர்மாருக்கு என்ன, அவிய வீட்டுல தின்னுதது சோறு தானே," என்றாள் இன்னொருத்தி. நான் தியாகியைப்போல நின்றேன்.

மருந்துக்கடையில் ஒரு நீல மருந்து கிடைக்கும். கண்ணாடிக் குழாயில் அதைக் கொஞ்சம் ஊற்றி, சில சொட்டு மூத்திரம் விட்டு, தீயில் காட்ட வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை என்றால் கொஞ்சம் இனிப்பு, மஞ்சள் என்றால் அதற்கும் மேல், செங்கல் நிறம் வந்தால் மோசம். சரியாகச் சொல்ல ரத்தம்தான் வேண்டும், ஆனாலும் வீட்டில் பார்க்க இது போதும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த வாடை எனக்குக் குமட்டியதால் குழாயை இடுக்கியால் பிடித்து விளக்கில் காட்டுகிற வேலையை ஓரகத்தி எடுத்துக்கொண்டாள். பின்வாசலில் பலாமரத்தடியில் குந்தியிருந்து, தன் பெரிய வயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி, குழாயை ஆட்டுவாள். நான் தள்ளி நின்று அவள் முகத்தைப் பார்ப்பேன்.

மரச்சீனி தின்ற அந்த நாட்களின் கடைசியில் அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"அக்கா, மேக்கூரை ஓட்டுக்கக் கலரு வருது."

"விளையாடாதே."

"கர்த்தராண. இஞ்ச வந்து பாரு."

பார்த்தேன். எங்கள் வீட்டு ஓடு மாதிரியே இருந்தது, புது ஓடு.

டாக்டரம்மா என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. "கப்பையா? கப்பையும் சோறும் ஒண்ணுதன்னே! வயித்துக்குள்ள போனா ரெண்டும் பஞ்சாரைதான்." இனியும் குறையாவிட்டால் தினமும் இன்சுலின் ஊசி என்றார். முன்பு நடந்தது மறுபடி நடக்கக் கூடாது அல்லவா என்று கேட்டார், என்னைப் பார்த்து அல்ல, மாமியாரைப் பார்த்து.  பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஊர் நெருங்குகையில், மாமியார் என் கையைப் பிடித்தார்.

"இத்தனை காலம் கிழங்குன்னு தின்னதும் சோறுதானா மக்கா? எனக்குத் தெரியாதே."

அன்றிலிருந்து அந்த வீட்டின் மீன்சட்டிக்குப் புதுச் சட்டம் வந்தது. அதுவரை நடுத்துண்டு ஆண்களுக்கு, தலையும் வாலும் பெண்களுக்கு. சோறும் கிழங்கும் மலைபோல, மீன் அதன்மேல் ஒரு அடையாளம்போல. அப்படித்தான் எல்லா வீட்டிலும். இப்போது சட்டியில் முதல் கரண்டி என் தட்டுக்கு வந்தது. நடுத்துண்டு, அதன் பக்கத்தில் இன்னொரு நடுத்துண்டு. கடைக்குப் போய்க்கொண்டிருந்த கோழிமுட்டைகள் வழிமாறி என் தட்டுக்கு வந்தன. "பிள்ளைக்காக்கும்," என்று மகன்கள் இருவரிடமும் மாமியார் ஒரே தடவை சொன்னார்.  என் கணவர் ஒருநாள், "நானும் ஒனக்குத் துணைக்குச் சோற்ற விட்டுருதேன்," என்று வீரமாகச் சொன்னார். மத்தியானம் தாண்டினார். சாயங்காலம் அடுக்களை மூலையில் நின்று பழங்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து ஓரகத்தி, "அத்தானுக்கு நோன்பு முறிஞ்சாச்சு," என்று வீடு முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

முட்டைக்கு முன்னால் மாமியார் ஜெபம் பண்ணுவார். நீண்ட ஜெபம். போன பிள்ளை, வரப்போகும் பிள்ளை, டாக்டரம்மா, கோழி, எல்லோரும் அதில் வருவார்கள். கண்ணை மூடச் சொன்னால் நான் மூட மாட்டேன். அரைக்கண்ணால் ஓரகத்தியின் தட்டைப் பார்ப்பேன். சம்பா அரிசிச் சோறு, ஒவ்வொரு மணியும் தடித்துச் சிவந்து. அதன்மேல் குழம்பு. ஓரத்தில் ஏத்தன் வாழைப்பழம் அவித்தது, பொன்னிறத்தில் தோல் வெடித்து. ஒருநாள் அப்படிப் பார்த்தபோது அவளும் கண்ணைத் திறந்திருந்தாள். அவள் பார்த்தது என் தட்டை.

அது எனக்கு உடனே விளங்கவில்லை. என் தட்டில் பார்க்க என்ன இருக்கிறது? தண்டனை அல்லவா அது. பிறகு கவனிக்கத் தொடங்கினேன். மீன்காரி கூடையை இறக்கும்போது அவள் எட்டிப் பார்ப்பாள், பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நான் முட்டையின் மஞ்சளை வேண்டா வெறுப்பாக உடைக்கும்போது அவள் கையில் இருந்த சோற்றுருண்டை கொஞ்ச நேரம் வாய்க்கு வழி தெரியாமல் நிற்கும்.

"எனக்கும் இந்தச் சுகர் வந்தாக் கொள்ளாம்," என்றாள் ஒருநாள்.

"வாயக் கழுவு," என்றார் மாமியார்.

"கழுவித்தான் இருக்கேன் மாமி. வாயில நல்லது எதாவது பட்டாத்தானே அழுக்காவ."

அவள் பிறந்த வீடு குளத்தூர்ப் பக்கம். கஷ்டப்பட்ட வீடு. அங்கே முட்டை என்பது விருந்தாளி வந்தால். எனக்கு அது தெரியும். தெரிந்தும் என் பொறாமை ஒரு சோற்று மணி அளவுகூடக் குறையவில்லை. அவள் மீனைப் பார்த்து வெந்தாள், நான் சோற்றைப் பார்த்து வெந்தேன். ஒரே அடுப்பின் இரண்டு பக்கம் நாங்கள். இன்றைக்குச் சோற்றைத் தள்ளி வைப்பதைப் பற்றி யார் எவ்வளவு பேசினாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான். சோற்றைத் தள்ளி வைக்க வேண்டுமானால் தள்ளிய இடத்தில் வைப்பதற்கு ஒன்று வேண்டும். அது இன்னொருத்தியின் தட்டிலிருந்து வருகிறது.

இனிப்பின் கதை வேறு. சோறில்லாமல் வயிறுதான் அழுதது. இனிப்பில்லாமல் நான் யாரென்றே எனக்கு மறந்துவிட்டது. தலைவலி, எரிச்சல், காரணமில்லாத அழுகை. சாராயத்தை விட்டவனைக் களியக்காவிளைச் சந்தைக்கு அனுப்பினால் அவன் கால் எந்தக் கடை வழியாகப் போகுமோ அப்படி என் கை போனது. கணவர் காப்பி குடித்து வைத்த டம்ளரைக் கழுவ நானே ஓடிப்போய் எடுப்பேன். அடியில் கரையாத சீனி ஒரு சின்ன மணல்திட்டுபோல் இருக்கும். மூக்கைக் கொண்டுபோய் வைப்பேன். ஒருநாள் விரலை விட்டுவிட்டேன். விரல் உதடுவரை வந்தது. வயிற்றில் பிள்ளை அசைந்ததா, நான் அசைந்ததாக நினைத்தேனா, தெரியாது. விரலை முந்தானையில் துடைத்தேன். துடைத்ததோடு மறந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஓரகத்தி என்னைச் சுற்றி வந்தாள். "அக்கா, ஒனக்க முந்தானையில உறும்பு கல்யாணம் நடக்குது. என்னவாக்கும் விசேஷம்?"

அவளை அறைந்திருப்பேன். எறும்புகளைத் தட்டிவிட்டேன்.

ஏழாம் மாதத்தில் என் அம்மா பலகாரத்தோடு வந்தாள். முறுக்கு, அச்சுமுறுக்கு, அதிரசம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய ஓலைப்பெட்டி நிறைய முந்திரிக்கொத்து. சிறுபயற்றை வறுத்துப் பொடித்து, தேங்காயோடு கருப்பட்டிப் பாகில் உருட்டி, மாவில் முக்கிப் பொரிப்பது. என் அம்மா கையால் செய்தது உதட்டில் வைத்தால் உடையும். பெட்டியைத் திறந்ததும் கருப்பட்டி வாசனை நடுவீட்டில் எழுந்து நின்றது, ஆள் வந்து நிற்பதுபோல.

"சீனி ஒரு தரி சேக்கல்ல," என்றாள் அம்மா. "எல்லாம் கருப்பட்டியாக்கும். கருப்பட்டி மருந்துல்லா. பயறும் உண்டு. டாக்டரு பயறு தின்னச் செல்லலியா?"

மரச்சீனியில் சூடுபட்டிருந்த மாமியார் பெட்டியின் மேல் கையை வைத்தார். "மயினி, நானும் இப்பிடித்தான் கிழங்கு குடுத்து ஏமாந்தேன். இனிப்பு எந்த வேஷத்துல வந்தாலும் இனிப்புதான்."

"எனக்க பிள்ளைக்கு நான் வெஷமா கொண்டு வந்திருக்கேன்?"

"நான் அப்பிடிச் செல்லுவனா?"

"பின்ன எப்பிடி? ஒங்க வீட்டுல கிழங்கக் குடுத்து ஒடம்பக் கெடுத்திட்டு இப்பம் எனக்கப் பெட்டிய மூடுதியளா?"

இரண்டு அம்மாக்களும் என் வயிற்றுக்கு மேல் நின்று வாதாடினார்கள். கூடியிருந்த பெண்கள் இரண்டு கட்சி ஆனார்கள். கருப்பட்டியால் எவனும் செத்ததில்லை என்றது ஒரு கட்சி. பனையேறி வீட்டிலும் சுகர் உண்டு என்றது மறு கட்சி. யார் ஜெயிப்பது என்பது என் கையில் இருந்தது. உண்மையாகவே என் கையில். எப்போது எடுத்தேன் என்று தெரியாது, ஒரு முந்திரிக்கொத்து உள்ளங்கையில் இருந்தது. எண்ணெய் மணம் போகவில்லை. ஒன்று தின்றால் என்ன ஆகிவிடும்? ஒன்றால் ஒன்றும் ஆகாது. ஒன்றோடு நான் நிற்பேனா? என்னை எனக்குத் தெரியும். பெட்டியின் அடிவரை போய்விடுகிறவள் நான். கை மேலே வந்துகொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. மாமியாரும் அதைப் பார்த்தார்.

ஓரகத்தி வந்து என் கையிலிருந்து அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஒனக்க பிள்ளைக்கு ஆகாது அக்கா," என்றாள், மென்றுகொண்டே. "நான் தின்னுதேன்."

நல்லதுக்குச் செய்தாளா, நாக்குக்குச் செய்தாளா? இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. அவள் கண்ணை மூடி மென்ற விதம் இரண்டுக்கும் சாட்சி சொல்லும். என் அம்மா, "அவளுக்கா நான் கொண்டு வந்தது?" என்று கேட்டாள். அந்தப் பெட்டி சில நாளில் காலியாயிற்று. பெரும்பங்கு தின்றது யாரென்று சொல்ல வேண்டியதில்லை. அவள் வீட்டிலிருந்து வந்த பலகாரம் ஒரு சின்னப் பாத்திரத்தோடு முடிந்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகுதான் ஒரு காலை, பலாமரத்தடியில், என் குழாயைப் பார்த்து முடித்தபின் அவள் எழுந்திருக்கவில்லை. என் நிறம் அன்றைக்கு லேசான பச்சை.

"எனக்கும் ஒண்ணு பாத்துருவோம் அக்கா."

"ஒனக்கு என்னத்துக்கு?"

"சும்மாதான். மருந்து மிச்சம் கெடக்குல்லா."

மறைவுக்குப் போய்வந்தாள். இந்த முறை இடுக்கியை நான் பிடித்தேன். குழாய் சூடாயிற்று. நீலம். குமிழி வந்தது. நீலம்.

"இன்னும் காட்டு. சூடு காணாது."

காட்டினேன். கொதித்துத் துப்பியது. இலை இடைவெளியில் தெரிந்த வானத்தோடு சேர்த்துப் பிடித்தால் எது வானம் எது மருந்து என்று தெரியாது. அப்படி ஒரு நீலம்.

அவள் இடுக்கியை வாங்கி அந்த நீலத்தைப் பார்த்தாள். "அவ்வளவு முந்திரிக்கொத்தும் தின்னேன். ஒரு இளம்பச்ச கூட வரல்ல."

"சந்தோஷப்படு சவமே. வந்திருந்தா அழுவ."

"வந்திருந்தா ஒரு முட்ட கிட்டியிருக்கும்." அழுதுவிட்டாள், உண்மையாகவே. "ஒனக்கு முட்ட கிட்டுது, எனக்கு நீலம் கிட்டுது. இந்த நீலத்த வச்சி நான் என்ன செய்ய? கூட்டான் வைக்கவா?"

சிரிப்பு எனக்கு வந்தது, அடக்க முடியவில்லை. அவளும் அழுகையோடு சிரித்தாள். ஆனால் சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஒன்று கருகியது. முட்டை தின்ற எனக்குப் பச்சை. என் அம்மா எனக்கென்று உருட்டியதைத் தின்ற அவளுக்கு நீலம். தின்பதெல்லாம் அவளுக்குள் போய் எங்கேயோ ஒழுங்காக அடங்கிவிடுகிறது. எனக்குள் மட்டும் எதுவும் அடங்காமல் தெருவில் அலைகிறது. அந்த உடம்பை நான் விரும்பினேன். அவள் புருஷனையோ அவள் இளமையையோ அல்ல. அந்தக் குழாய்க்குள் இருந்ததை.

மறுநாள் என் முட்டையில் பாதியை அவள் தட்டில் வைக்கலாம் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அது என் பிள்ளைக்கு உரியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு வசதியாக இருந்தது.

பிரசவத்தோடு போன சர்க்கரை, டாக்டரம்மா அன்றே எச்சரித்தபடி, பல வருஷம் கழித்து என்னிடம் திரும்பி வந்தது. இப்போது சோற்றைப் பற்றிய வாதம் வீட்டுக்கு வீடு நடக்கிறது. சோறே எமன் என்கிறார் தொலைக்காட்சியில் ஒருவர். கொழுப்பை அள்ளித் தின்னுங்கள் என்கிறார். மறுநாள் இன்னொருவர் வந்து அப்படித் தின்றால் பிற்காலத்தில் இதயம் போகும், நம் முன்னோர் சோறு தின்றுதான் வாழ்ந்தார்கள் என்கிறார். சீனியும் ஒரு போதை என்று ஒருவர், அதெல்லாம் கட்டுக்கதை என்று ஒருவர். நான் எல்லோரையும் கேட்கிறேன், அளந்து தின்கிறேன், மாத்திரை போடுகிறேன். போதையா என்று என்னைக் கேட்டால் டம்ளருக்குள் போன அந்த விரலைக் காட்டுவேன். ஆனால் ஓரகத்தி இன்றைக்கும் மூன்று வேளை சோறு தின்கிறாள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. எந்த டாக்டரின் கட்சிக்கும் அவள் சாட்சியாக மாட்டாள். அவள் உடம்பு தனிக் கட்சி. ஆஸ்பத்திரியிலிருந்து காகிதத்தோடு வந்து, "நார்மலாக்கும் அக்கா," என்று அவள் சொல்லும்போது இந்த வயதிலும் எனக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்கிறது.

அந்தக் காலத்தில் அவள்தான் எனக்கு முன்னால் பெற்றாள். வலி வந்தது, போனாள், பெற்றாள், அவ்வளவுதான். பையன். எனக்கு நாள் நெருங்கியபோது டாக்டரம்மா முன்கூட்டியே படுக்க வைத்துவிட்டார். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் கம்பிமேல் நடந்து அந்த நாள்வரை வந்திருந்தேன். ஊசி இல்லாமல் வந்தேன், ஆனால் முழு நீலத்தில் ஒருபோதும் நின்றதில்லை.

பெண்பிள்ளை. அழுதது. அழுத சத்தம் கேட்டதும் நான் கேட்ட முதல் கேள்வி, "ரொம்ப கொழுப்பா?" என்பது. நர்ஸ் சிரித்தாள். "இல்லல்லோ. சாதாரண குட்டி." அந்தச் சாதாரணத்தைத்தான் இத்தனை மாதமும் முழங்காலில் நின்று கேட்டிருந்தேன். என் பக்கத்தில் கிடத்தினார்கள். நான் சாதாரணத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் கை நடுங்கியது. குளிர் என்று நினைத்து மூடினேன். மூடியும் நடுங்கியது. வாயில் முலையை வைத்தால் உதடு ஒட்டவில்லை, தலை சாய்ந்தது. மாமியார் நர்ஸை அழைத்தார். குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா வந்தார்.

"குட்டிக்கு ஷுகர் குறவு," என்றார்.

 என்ன குறைவு? எதை நான் வேரோடு பிடுங்கப் பார்த்தேனோ அதுவா? வயிற்றில் இருந்தவரை என் இனிப்பு அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது, கொடி அறுந்ததும் நின்றுவிட்டது, இதுபோன்ற தாய்மாரின் பிள்ளைகளுக்கு இது வரும் என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். உடனே பால் போக வேண்டும். போகாவிட்டால் டிரிப் போட்டுக் குளுக்கோஸ் ஏற்றுவோம், எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன் என்றார். என்னை அமுக்கிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு, அதுவும் விரலிலேயே காய்ந்து போனது. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பால் தாமதிக்கும் என்றாள் நர்ஸ். சமாதானத்துக்குச் சொன்னாள்.

அப்போது இதையெல்லாம் கேட்டபடி ஓரகத்தி கதவில் நின்றாள். பெற்று நாற்பது நாள் ஆகவில்லை, அவள் வெளியே வரவே கூடாது. நான் பெற்றதைக் கேட்டு, புருஷன் ஓட்டும் ஜீப்பில் ஏறி, பையனைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். மாமியார் திட்ட வாயெடுத்தார். அவள் காதில் வாங்கவில்லை. பையனை மாமியார் கையில் கொடுத்தாள், டாக்டரம்மாவைப் பார்த்தாள், டாக்டரம்மா தலையாட்டினார். என்னை யாரும் கேட்கவில்லை. அவளே கட்டிலில் உட்கார்ந்து என் மகளை எடுத்தாள்.

முதலில் பிழிந்து சொட்டு சொட்டாக உதட்டில் விட்டாள். வழிந்தது. மறுபடி விட்டாள். நாக்கு அசைந்தது. "குடி மக்கா, குடி, எலே, குடி," என்று பையனை அழைக்கிற பழக்கத்தில் அழைத்தாள். பிறகு சேர்த்து வைத்தாள். பிள்ளையின் தாடை ஒரு தடவை அசைந்து நின்றது. இன்னொரு தடவை. பிறகு அந்தச் சத்தம், சின்னத் தொண்டையில் பால் இறங்குகிற சத்தம்.

எவ்வளவு பால் அவளுக்கு! மறுபக்கம் ரவிக்கை நனைந்து வழிந்தது. அத்தனை சோறும் அத்தனை கிழங்கும், நான் கண்ணால் மட்டும் தின்றதெல்லாம், அங்கே வெள்ளையாக நின்றது. என் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று நான் அவள் காலில் விழத் தயார். அதே நேரத்தில் அந்த மார்பிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ளவும் தயார். இரண்டும் ஒரே மூச்சில் இருந்தன.

நர்ஸ் மறுபடி குதிகாலில் குத்திப் பார்த்தாள். "மதி, போதும். இப்ப சரியாயி."

கை நடுக்கம் நின்றிருந்தது. நிறம் வந்திருந்தது. மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"இஞ்ச தா," என்றேன்.

"குடிக்குதுல்லா அக்கா. கொஞ்சம் பொறு."

"தா."

"எடுத்தா அழும். ஒனக்குப் பால் வரட்டும்."

"வாய வச்சாத்தான் வரும். அழட்டும். தா."

அவள் என்னைப் பார்த்தாள். கொடுக்க மனமில்லை என்பது தெரிந்தது. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். பிறகு பிள்ளையின் வாயோரத்தில் சுண்டுவிரலை விட்டு மெல்லப் பிரித்தாள். பிரித்ததும் என் மகள் அலறினாள். பிறந்தபோது அழுதது அல்ல இது. கோபம். அந்த வார்டு முழுக்கக் கேட்டது. நான் வாங்கினேன், மார்போடு சேர்த்தேன். ஒன்றும் இல்லாத இடத்தில் மகள் வாயை வைத்து இழுத்தாள், விட்டாள், அலறினாள், மறுபடி இழுத்தாள். வலித்தது. சற்றுமுன் குடித்த பலம் எல்லாவற்றையும் என்மேல் செலவழித்தாள். நான் விடவில்லை.